பலகை பேச்சுக் கேட்ட கணக்கு

புரட்டாசி 1, புதன்

மாதப் பிறப்பு. வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டேன். பத்து மணிக்கு இவரை முதுகு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் படத்தை விளக்கு முன்னால் பிடித்து, "இந்த டிஸ்க் எடத்த விட்டு நகர்ந்திருக்கு பாருங்க. இனி அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. தூக்கினா நேரா ஆபரேஷன்தான்," என்றார். இவர் தலையாட்டினார். பம்ப்செட் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். அங்கே சூப்பர்வைசர் பேசும்போதும் இப்படித்தான் தலையாட்டுவாராம். பிறகு தன் இஷ்டப்படி செய்வாராம்.

சாயங்காலம் கோயில் கமிட்டி எங்கள் ஹாலில் கூடியது. கமிட்டித் தலைவர் சென்னியப்பண்ணன். விசயதசமிக்கு எங்கள் பாலமுருகன் மேட்டுக் கோயிலிலிருந்து சப்பரத்தில் கிளம்பி, சரிவு இறங்கி, தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கிற வன்னி மரத்தடியில் அம்பு போட வேண்டும். பதினேழு வருடமாக நான்கு பேர் தோளில் போனார். அந்த நால்வரில் ஒருவர் இப்போது ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். ஒருவர் சாமியிடமே போய்விட்டார். சென்னியப்பண்ணனுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. மிச்சம் இவர். இளவட்டங்கள் எல்லாம் பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் முன்னால்.

"டெம்போ புடிச்சுக்கலாமுங்க," என்றார் சென்னியப்பண்ணன்.

"டெம்போவுல ஏத்துனா சாமி வீடு காலி பண்ணிட்டுப் போறாப்பல இருக்கும்," என்றார் இவர். "ஆள் கெடைக்கலீன்னா உடுங்க, நான் முன்னால தோள் கொடுத்துக்கறேன்."

அப்போது என் கையிலிருந்த தட்டில் ஒரு டம்ளர் காபி சாய்ந்தது. தட்டு வழுக்கல்.

புரட்டாசி 2, வியாழன்

இவர் காலையில் செருப்பு அலமாரிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். செருப்பு தேடுகிறார் என்று நினைத்தேன். மகள் மிதுனா பூனாவுக்கு மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றடிப் பலகை, அடியில் நான்கு ரப்பர் சக்கரம், பேட்டரி, மோட்டார். கையில் ஒரு ரிமோட்டு.

"துளசீ, இது எத்தன கிலோ தாங்கும்?"

மிதுனாவுக்குப் போன் போட்டேன். நூற்று இருபது என்றாள். சப்பரத்தை அப்படியே இதன்மேல் வைத்தால் தோளே வேண்டாம் என்று இவர் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. பிறகு அம்மாவின் மகளாகக் கறாராகப் பேசினாள்.

"அம்மா, எழுதிக்க. ரிமோட்ல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கு. கட்டைவிரல்ல முன்னால தள்ளுனா ஓடும், பின்னால இழுத்தா பிரேக். விட்டுட்டா அது தானா நடுவுக்கு வந்துக்கணும். வரலீன்னா போர்ட தொடாத. ரிமோட்டுக்கும் போர்டுக்கும் தொடர்பு அறுந்துச்சுன்னா போர்டு பாட்டுக்கு உருளும், பிரேக் புடிக்காது. ஹெல்மெட் இல்லாம யாரும் ஏறக் கூடாது. நீ ஏறமாட்டல்ல?"

"எனக்கெதுக்கு கண்ணு," என்றேன்.

இவருக்கு முதுகு. அதனால் சோதித்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. சாமி உட்காரப்போகிற வண்டி. சோதிக்காமல் விடுவது பாவம்.

புரட்டாசி 3, வெள்ளி

விளக்கு பூசை முடித்துவிட்டு இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். மிதுனாவின் பழைய அகராதியை வைத்துக்கொண்டு பதினோரு பக்கமும் படித்துவிட்டேன். எனக்குப் புரிந்த அளவில் இது நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி. கூப்பிட்ட குரல் காதில் விழுகிற வரைக்கும் பேச்சுக் கேட்கும். விழாவிட்டால் போன வழியே போகும்.

டைரியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு "பலகைக் கணக்கு" என்று தலைப்பு எழுதினேன். இடது பக்கம் "கேட்டது". வலது பக்கம் "கேட்காதது". அதற்குப் பக்கத்தில் "காரணம்".

இன்று ஹாலில், ஆள் ஏறாமல்: கேட்டது 22. கேட்காதது 3. காரணம்: ரிமோட்டை எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். ஒன்று, முறுக்கு டப்பா. ஒன்று, ரவை டப்பா. மூன்றாவதும் முறுக்கு டப்பாதான், உறுதிப்படுத்திக்கொள்ள. மூன்று தடவையும் பலகை பேச்சுக் கேட்கவில்லை. பிளாஸ்டிக் டப்பா என்றால் கேட்கிறது.

முறுக்கு நொறுங்கிவிட்டது. இவர் காரணம் கேட்கவில்லை.

புரட்டாசி 4, சனி

முதல் சனி. ஒருபொழுது விரதம்.

விடியற்காலை ஐந்தரைக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மேட்டுத் தெருவின் சமதளத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஆள் ஏறாமல் ஓட்டினால் எடைக்குச் சரியாகத் தெரியவில்லை. அரிசி மூட்டை வைக்கலாம் என்றால் யார் தூக்குவது. ஆகவே, எடைக்காக மட்டும், நான் ஏறினேன்.

இவருடைய ஸ்கூட்டர் ஹெல்மெட். எனக்குப் பெரிது. உள்ளே துண்டைச் சுருட்டி வைத்தேன்.

பத்தடி போனேன். இறங்கினேன். இன்னொரு தடவை சோதிக்க வேண்டியிருந்தது. மொத்தம் ஒன்பது தடவை சோதித்தேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

மகாளய அமாவாசை. படையல், காக்கைக்குச் சாதம். இன்று ஏறவில்லை. அதாவது, சோதிக்கவில்லை.

புரட்டாசி 6, திங்கள்

நவராத்திரி ஆரம்பம். சுண்டல்: பச்சைப்பயறு.

ஒரு சின்னக் கல் சக்கரத்தில் சிக்கிப் பலகை நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. முழங்காலில் லேசாகத் தோல் போனது. இதைப் பலகைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. பலகை பேச்சுக் கேட்டது. கல்தான் கேட்கவில்லை.

எதிர்வீட்டு ரெஜினா டீச்சர் கேட்டுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். உள்ளே போய் முழங்கால் பட்டையும் முழங்கைப் பட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"துளசி, முட்டிச் சிப்பி ஒடைஞ்சா உங்க முருகன் வந்து ஒட்டித் தரமாட்டாரு."

"உங்க ஏசப்பா ஒட்டித் தருவாரா டீச்சர்?"

"அவரு முடவன நடக்க வெப்பாரு. இந்த மாதிரி கண்ட பலகைல ஏறி வுழுந்தவளப் பத்தி வேதத்துல எங்கயும் இல்ல. முட்டிய மடக்கி நில்லு. நேரா நிக்காத, நீ என்ன கொடிக்கம்பமா?"

முட்டியை மடக்கினேன். கோயில் வாசல் வரைக்கும் போய் வந்தேன். சாமி காரியம் என்றால் அந்நிய மதத்தவர்கூட ஒத்தாசை செய்கிறார்கள்.

புரட்டாசி 7, செவ்வாய்

சுண்டல்: கடலைப்பருப்பு. தெருவில் ஒரு கல் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மாநகராட்சியில் இப்போது நேரத்தோடு வந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. அந்தப் பெண்கள் நன்றாக இருக்கட்டும்.

நம் வீட்டு நீட்டு விளக்குமாறு பின்கட்டில் வைத்தது முன்கட்டில் கிடந்தது.

கேட்டது 31. கேட்காதது 0.

புரட்டாசி 8, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

இதுவரை சமதளத்தில்தான் சோதித்தேன். சாமி போவது சரிவில். அதனால் ஆள் ஏறாமல், பலகையைச் சரிவின் உச்சியில் விட்டு, பாதியில் ரிமோட்டை அணைத்தேன். புத்தகத்தில் போட்டிருந்தபடியே நடந்தது. பலகை நிற்கவில்லை. மகள் சொன்ன "உருளும்" என்ற வார்த்தை ரொம்ப மரியாதையான வார்த்தை. அது பறந்தது. ரெஜினா டீச்சரின் குரோட்டன்ஸ் தொட்டிகளில் இரண்டு போயின.

டீச்சர் வெளியே வந்து தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லவேள, சாமி இல்லாம போச்சு," என்றார்.

அந்த இடத்திலேயே எனக்கு மனதுக்குள் படம் ஓடியது. பலகை சாமியோடு இறங்குகிறது. ரிமோட்டு சாகிறது. நான் பார்த்தது சாமியை இல்லை. ஓடிவந்து சப்பரத்தைப் பிடித்துத் தூக்குகிற ஒரு ஆளை. அந்த ஆளைப் பத்து பேர் கத்தினாலும் நிறுத்த முடியாது.

கேட்காதது 1. காரணம்: சரிவு.

புரட்டாசி 9, வியாழன்

கமிட்டியில் சொன்னேன். "பின்னால ஒரு கயிறு கட்டி ரெண்டு பேரு புடிச்சுட்டு வரோணுமுங்க அண்ணா. ரிமோட்டு போனாலும் கயிறு போகாது."

சென்னியப்பண்ணன் சிரித்தார். "அம்மிணி, சாமிக்கு மூக்கணாங் கவுறா? போட்டோ புடிச்சுப் போட்டா அடுத்த நகர்க்காரன் என்ன சொல்லுவான், எருமைய ஓட்டிட்டுப் போறாங்கம்பான்."

"அண்ணா, எருமைக்கு ரிமோட்டு இல்லீங்க."

இவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். ஆனால் கயிறு இல்லை என்று முடிவாகிவிட்டது. ரிமோட்டைத் தலைவர்தான் பிடிப்பார் என்றும் முடிவானது. "எங்கூட்டு டிவி ரிமோட்ட நாந்தான் வெச்சிருக்கறேன், பத்து வருசமா," என்றார். வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார், "பலகை சரிப்படாதுன்னு உனக்குப் பட்டா சொல்லிப்போடு துளசி. நாலு பேர வெச்சு நான் தோள் குடுத்துக்கறேன்."

சரிப்படும் என்றேன். ரொம்ப நன்றாகச் சரிப்படும் என்றேன்.

புரட்டாசி 10, வெள்ளி

சுண்டல்: கறுப்புக் கொண்டைக்கடலை. ரிமோட்டு சார்ஜ் மூன்று புள்ளிக்குக் கீழே போனால் தொடர்பு விட்டு விட்டு வருகிறது. நான்கு புள்ளி இல்லாமல் கோயிலுக்கு எடுக்கக் கூடாது. கேட்டது 44, கேட்காதது 2.

புரட்டாசி 11, சனி

இரண்டாம் சனி. சரிவில் ஆளோடு சோதனை. உச்சியிலிருந்து டேங்கு வரைக்கும். பிரேக் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டும். உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ பலகை அந்தப் பக்கம் போகும். காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதில் என்னவோ சொல்லும். முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் தகவலுக்காக எழுதுகிறேன்.

ஆறு தடவை இறங்கினேன். ஒரு தடவையே போதும்தான். ஆறு என்பது முருகனுக்கு உகந்த எண்.

தெரு இன்றும் சுத்தம். விளக்குமாறு இன்றும் முன்கட்டில்.

புரட்டாசி 13, திங்கள்

சப்பரத்தைக் கமிட்டிக்காரர்கள் தூக்கி வைக்க, இவர் அதைப் பலகையில் நட்டு போல்ட்டு வைத்து முறுக்கினார். கீழே உட்காராமல், பலகையை மேசைமேல் வைத்து நின்றபடியே வேலை செய்தார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். சப்பரத்தை நடுவில் வைக்காமல் முன்தள்ளி வைத்தார். பின்னால் ஒன்றரைச் சாண் பலகை வெறுமனே மிச்சம்.

"இது எதுக்குங்க?"

"பேலன்ஸுக்கு," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கணக்கு: சாமி பதினெட்டு கிலோ. சப்பரம் முப்பத்தொன்பது. தாங்குவது நூற்று இருபது. மிச்சம் அறுபத்து மூன்று. என் எடை அறுபத்து ஒன்று.

சும்மா போட்டுப் பார்த்தது.

புரட்டாசி 14, செவ்வாய்

சாமிக்குப் பதில் பதினெட்டு கிலோ அரிசியை உட்கார வைத்து ஒத்திகை. தலைவருக்கு ரிமோட்டுப் பாடம் எடுத்தேன். "அண்ணா, மெதுவா தள்ளோணும், டப்புன்னு இழுக்கக் கூடாது."

"அம்மிணிக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?"

"புத்தகத்துல போட்டிருக்குதுங்க," என்றேன். ரெஜினா டீச்சருக்கு இருமல் வந்துவிட்டது.

அரிசி பத்திரமாக டேங்கு வரைக்கும் போய்த் திரும்பியது. கேட்டது 17. கேட்காதது 0. எனக்குத் திருப்தி.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூசை. வேலை தலைக்குமேல்.

அரிவாள்மனை, மிக்சி, கிரைண்டர், கத்தரிக்கோல், தையல் மெசின், இவருடைய ஸ்பானர் செட், ஸ்கூட்டர், காஸ் அடுப்பு, இந்த டைரி எழுதும் பேனா எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கல்லில் உரைத்த சந்தனம், கெட்டியாக. பலகையின் நான்கு சக்கரத்துக்கும் வைத்தேன். ரிமோட்டுக்கு மட்டும் ஒரு பொட்டு போதும் என்று மனது வரவில்லை. அதுதானே எல்லாவற்றுக்கும் மூளை. கட்டைவிரல் படுகிற அந்தக் குட்டிச் சக்கரத்தின் மேலே நிறையவே வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

பொரி, கடலை, சுண்டல், பொங்கல். ரிமோட்டு நான்கு புள்ளி. பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது, ஆகையால் இன்று சோதனை இல்லை. பன்னிரண்டு நாளில் சாமிக்காக ஒரு நாள் சோதனையை விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

புரட்டாசி 16, வியாழன், காலை

விசயதசமி. பூசையில் வைத்ததை எல்லாம் எடுத்தாயிற்று. சோதிக்க நேரமில்லை, சப்பரத்துக்குப் பூ கட்ட வேண்டும். மாம்பழ நிறப் பட்டு கட்டப்போகிறேன். புடவைக்குள் முழங்கால் பட்டையும் கட்டப்போகிறேன். குளிருக்கு.

சாயங்காலம்

விரலிடுக்கில் இன்னும் மணல். எழுத்து கோணலாக இருக்கும்.

ஐந்தரைக்குள் அம்பு போட வேண்டும் என்று குருக்கள் சொல்லியிருந்தார். ஐந்து இருபதுக்குத்தான் தலைவர் வரவேற்புரையை முடித்தார். "சென்னைல இல்லாத டெக்னாலஜி, நம்ம நகர்ல," என்றார். தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, கையில் ரிமோட்டு. மேளம் கிளம்பியது. பாலமுருகன் செவ்வரளி மாலையோடு கிளம்பினார்.

சமதளத்தில் ராஜாவாகப் போனார். சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரிவு தொடங்கும் இடத்தில் தலைவர் பிரேக்குக்கு இழுத்தார்.

குட்டிச் சக்கரம் வரவில்லை. தள்ளின இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

தலைவர் டிவி ரிமோட்டைத் தட்டுவது போல உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவது தட்டில் ரிமோட்டு அணைந்தே போனது. பலகை உருள ஆரம்பித்தது.

மேளக்காரர்கள் வேகத்தைப் பார்த்துத் தாங்களும் வேகமாக வாசித்தார்கள். ஏதோ திட்டப்படி நடக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

இவர் சப்பரத்துக்கு நாலு அடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். ஒதுங்குகிற ஆளா. வேட்டியை மடித்துக் கட்டி, காலை அகட்டி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார், சாமியையும் சப்பரத்தையும் சேர்த்து மார்போடு வாங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி. ஐம்பத்தேழு கிலோ.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அந்த ஒன்றரைச் சாண் பலகையில் என் வலது கால் போய் நின்றது. பிறகு இடது கால். முட்டியை மடக்கினேன். சப்பரத்தின் பின்தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இவரை நான் அதட்டியதில்லை. "ஏனுங்க, நகுந்து நில்லுங்க," என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது என்று டீச்சர் சொல்கிறார். அவர் நகரவில்லை. நான் வலப்பக்கம் சாய்ந்தேன். பலகை சாய்ந்தது. சப்பரத்தின் தொங்கல் இவர் தோளை உரசிக்கொண்டு போனது. கடந்துபோகும்போது இவர் முகத்தைப் பார்த்தேன். பயந்தவர் முகமாக இல்லை. ஒத்திகை பார்த்த நாடகத்தைப் பார்க்கிறவர் முகமாக இருந்தது.

பிரேக் கிடையாது. சாய்ந்து சாய்ந்துதான் இறங்கினேன், இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக. ரெஜினா டீச்சர் மிச்சமிருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "முட்டிய மடக்கு, முட்டிய மடக்கு" என்று கத்தினார். டேங்குக்குப் பக்கத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் எம்சாண்ட் கொட்டி வைத்திருந்தார்கள். அது ரோட்டின் பாதி வரைக்கும் பரவிக் கிடந்தது. முருகா என்று அதற்குள் விட்டேன்.

சக்கரம் நான்கும் மணலில் புதைந்து நின்றன. சாமி அசையவில்லை. மாலை மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நான் சாமியைத் தாண்டி மணலில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் பட்டை இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. குளிருக்குக் கட்டியது நல்லதாகப் போயிற்று.

வன்னி மரம் பத்தடி தூரம். மணி ஐந்து இருபத்தாறு. குருக்கள் பின்னால் ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, நேரத்துக்குள் அம்பு போட்டுவிட்டார். பதினேழு வருடத்தில் நேரத்துக்கு நடந்தது இதுதான் முதல் தடவை.

கோயிலுக்குத் திரும்பி ஏறும்போது யாரும் கேட்காமலே சென்னியப்பண்ணன் ஒரு கயிறு கொண்டுவந்து கட்டினார். மேளக்காரர்கள் இழுத்தார்கள். இவரைக் கயிற்றின் பக்கமே நான் விடவில்லை. கூட நடந்து வந்தார். அவ்வளவுதான்.

புரட்டாசி 17, வெள்ளி

காலையில் விசாரணைக் கமிட்டி, எங்கள் ஹாலில்.

"ரிமோட்டு செஞ்சவன் மேல கேசு போடோணும்," என்றார் தலைவர். "சாமி விசயத்துல வெளையாடறானுங்க."

வீடியோவில் மிதுனா வந்தாள். "அப்பா, ரிமோட்ட கேமராகிட்ட காட்டுங்க. இன்னும் கிட்ட. அந்தச் சக்கரத்துக்கிட்ட மஞ்சளா என்னப்பா அது?"

"அது வந்து கண்ணு, ஈரம்," என்றேன்.

"ஈரம் எப்படிம்மா மஞ்சளா இருக்கும்?"

"இந்த வருசம் பனி சாஸ்தி."

சாட்சி சொல்ல வந்திருந்த ரெஜினா டீச்சர் கூரையைப் பார்த்தார். இவர் ரிமோட்டை வாங்கி, விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார். நான் காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தேன்.

"பனிதானுங்க தலைவரே," என்றார் இவர். "கேசெல்லாம் வேண்டாம். நம்ம பக்கத்துப் பனி அவனுங்களுக்கு என்ன தெரியும்."

தலைவர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "அம்மிணி, அடுத்த வருசம் ரிமோட்ட நீங்களே வெச்சுக்குங்க. கவுறு நான் புடிச்சுக்கறேன்," என்றார்.

மத்தியானம் பல் குத்தும் குச்சியாலும் பஞ்சாலும் அந்தப் பனியைச் சுரண்டி எடுத்தேன். கெட்டியாக இருந்தது. வாசனையாகவும் இருந்தது. குட்டிச் சக்கரம் இப்போது விட்டவுடன் நடுவுக்கு வந்துவிடுகிறது.

கேட்காதது 1. காரணம்: பனி.

சாமி காரியம் முடிந்தது. இனி சோதனைக்கு அவசியமில்லை. சப்பரத்தைக் கழற்றியாயிற்று. பலகையைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைக்கச் சொன்னேன். ஐந்து கிலோவுக்கு மேல் என்று இவர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னதை இவர் கேட்டது இதுதான் முதல் தடவை. பலகை கீழேயே இருக்கிறது.

புரட்டாசி 18, சனி

மூன்றாம் சனி. ஒருபொழுது.

ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. பழக்க தோஷம். பக்கத்தில் இவர் இல்லை. வாசலில் சர் சர் என்று பெருக்கும் சத்தம். சன்னலைத் திறக்கவில்லை. மாநகராட்சிப் பெண்களாக இருக்கும்.

எழுந்து ஹாலுக்கு வந்தேன். ஹெல்மெட்டைக் காணோம் என்று பார்த்தால், இவர் எட்டும் உயரத்தில் இருந்த ஆணியிலிருந்து நான் எட்டும் உயரத்தில் புதிதாக அடித்த ஆணிக்கு வந்திருந்தது. உள்ளே துண்டு இல்லை. பஞ்சுத் தகடு வெட்டி, அளவாக ஒட்டியிருந்தது. போட்டுப் பார்த்தேன். ஆடவில்லை. நெற்றிக்கு நேராக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். இன்னும் ஈரம்.

பெருக்கும் சத்தம் நின்றது. இவர் கதவருகில் வந்து நீட்டு விளக்குமாற்றைச் சாத்திவைத்தார். முன்கட்டில்.

"ஹெல்மெட்டுக்கு வெக்கலாம் துளசி, ஒண்ணும் ஆகாது," என்றார். "ரிமோட்டுக்கு மட்டும் வேண்டாம். டேங்கு வரைக்கும் கல் இல்ல. நீ போயிட்டு வா, பால நான் காய்ச்சி வெக்கறேன்."

பலகை பூசையில் இருந்து எடுத்த பிறகு சரியாக ஓடுகிறதா என்று யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும்.

கேட்டது 12. கேட்காதது 0.